கால்சியம் கூடினால் குட்டி வளருமா? பன்றிக்குட்டித் தீவனத்தில் தாதுக்களின் கணக்கு

குட்டி வளரவில்லையா, கால்சியம் போடு. கால் தள்ளாடுகிறதா, இன்னும் கொஞ்சம் கால்சியம் போடு. கழிகிறதா, ஊசி போடு. பன்றி வளர்ப்பைப் பற்றிய பேச்சில் அடிக்கடி காதில் விழும் மூன்று யோசனைகள் இவை. முதல் இரண்டும் சில இடங்களில் சரியாகக்கூட இருக்கும். ஆனால் மூன்றாவது தேவைப்படுவதற்கே பல சமயம் முதல் இரண்டும்தான் காரணம். பால் மறந்த குட்டியின் தீவனத்தில் தேவைக்கு மேல் விழும் கால்சியம், இரைப்பையின் அமிலத்தைத் தின்றுவிடும். பாஸ்பரஸையும் துத்தநாகத்தையும் உடம்பில் சேரவிடாது. குறைந்தால் கெடுதல் என்பது எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் கெடுதல் என்பதும், அது எப்படி நடக்கிறது என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

முதலில் சில சொற்கள்

தீவனத்தை முழுவதும் எரித்தால் மாவுச்சத்தும் புரதமும் கொழுப்பும் போய்விடும். மிஞ்சும் சாம்பலில் இருப்பவைதான் தாதுக்கள். ஆய்வக அறிக்கையில் ‘சாம்பல்’ என்று ஒரு வரி வருவது இதைத்தான் குறிக்கிறது. கால்சியம், பாஸ்பரஸ், சோடியம், குளோரைடு, பொட்டாசியம், மெக்னீசியம் போன்றவை தீவனத்தில் சதவீதக் கணக்கில் தேவைப்படுவதால் அவை பெருந்தாதுக்கள். இரும்பு, துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு, அயோடின், செலினியம் ஆகியவை ஒரு கிலோ தீவனத்துக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் தேவைப்படும் நுண்தாதுக்கள்.

சமநிலை என்பது எல்லாவற்றையும் ஒரே அளவில் போடுவதல்ல. ஒவ்வொரு தாதுவும் எவ்வளவு, அதற்கும் இன்னொன்றுக்கும் என்ன விகிதம், எந்த வேதிவடிவில் இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்ததே சமநிலை. மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பையின் மேல் அச்சிட்ட சதவீதம் சரியாக இருந்தும் குட்டிக்கு அது கிடைக்காமல் போவது இதனால்தான்.

பால் மறந்த வாரத்தில் வயிற்றுக்குள் நடப்பது

பொதுவாக 3 முதல் 4 வாரத்தில் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கிறார்கள். அதுவரை குட்டி ஏறக்குறைய மணிக்கொரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் குடித்திருக்கும். பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையை இரைப்பையில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலமாக மாற்றிவிடும். இரைப்பை தானாகச் சுரக்க வேண்டிய ஹைட்ரோகுளோரிக் அமிலம் குறைவாக இருந்தாலும் இந்த லாக்டிக் அமிலத்தை வைத்தே காலம் ஓடிவிடும்.

பிரித்த அன்று பால் நின்றுபோகிறது, லாக்டிக் அமிலமும் குறைகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலச் சுரப்பு முழு அளவுக்கு வரச் சில வாரங்கள் ஆகும். போதாக்குறைக்கு, குட்டி ஒன்றிரண்டு நாள் சரியாகத் தின்னாமல் இருந்துவிட்டுப் பசியில் ஒரேயடியாகத் தின்னும். கொஞ்சம் அமிலத்தின் மேல் நிறையத் தீவனம் வந்து விழும்.

அமிலத்தின் கடுமையைக் காட்டும் அளவுகோல் பி.எச். எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகும்; 7 என்றால் அமிலமும் இல்லை, காரமும் இல்லை. புரதத்தை வெட்டும் பெப்சின் என்ற நொதி 2 முதல் 3.5 வரையிலான பி.எச்.சில்தான் நன்றாக வேலை செய்யும். 5க்கு மேல் போனால் அது கிட்டத்தட்ட கைகட்டி நிற்கும். அமிலத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. வாய் வழியாக வரும் ஈ.கோலை போன்ற கிருமிகளைச் சிறுகுடலுக்குள் போகவிடாமல் தடுக்கும் வாசற்காவல் அது. ஆக, அமிலம் தளர்ந்தால் செரிக்காத புரதம் கீழே இறங்கும், கிருமியும் கூடவே இறங்கும். அந்தப் புரதம் பெருங்குடலில் அழுகி அம்மோனியாவையும் வேறு நச்சுப் பொருள்களையும் உண்டாக்கும். பால் மறந்த முதல் இரண்டு வாரத்தில் வரும் கழிச்சலின் பின்னணி பெரும்பாலும் இதுதான். இந்தக் கழிச்சலில் பெரும்பாலும் கிருமிக்கும் பங்கு உண்டு. ஆனால் கிருமி அவ்வளவு பெருகுவதற்கு இடம் கொடுத்தது செரிமானம்.

சுண்ணாம்பு அமிலத்தை விழுங்கும் கணக்கு

நெஞ்செரிச்சலுக்கு மனிதர்கள் மென்று தின்னும் மாத்திரைகள் பலவற்றில் இருக்கும் சரக்கு கால்சியம் கார்பனேட். வயிற்றில் அமிலம் அதிகமான ஆளுக்கு அது நிம்மதி. தீவனத்தில் கால்சியத்துக்காகப் போடும் சுண்ணாம்புக்கல் தூளும் அதே கால்சியம் கார்பனேட்தான். அமிலமே போதாமல் இருக்கும் குட்டிக்கு அதைக் கூடுதலாகப் போடுவது, நெஞ்செரிச்சல் இல்லாத ஆளுக்கு அந்த மாத்திரையை வேளைக்கு வேளை கொடுப்பதைப் போன்றது.

இதை எண்ணிலும் பார்க்கலாம். 1 கிராம் தூய கால்சியம் கார்பனேட் 0.73 கிராம் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒன்றுமில்லாமல் ஆக்கும். 100 கிலோ தீவனத்தில் 1 கிலோ சுண்ணாம்புத்தூள் கூடுதலாக விழுந்தால், ஒவ்வொரு கிலோ தீவனத்தையும் செரிக்கக் குட்டி சுமார் 7.3 கிராம் அமிலத்தைக் கூடுதலாகச் சுரந்தாக வேண்டும். ஒரு தீவனப் பொருள் இப்படி எவ்வளவு அமிலத்தைப் பிடித்துவைக்கும் என்பதை அமிலப்பிடிப்புத் திறன் என்பார்கள். தானியங்களுக்கு இது மிகக் குறைவு. சோயா புண்ணாக்கு, மீன் தூள் போன்ற புரதப் பொருள்களுக்கு அதைவிடப் பல மடங்கு. சுண்ணாம்புத்தூளும் துத்தநாக ஆக்ஸைடும் பட்டியலின் உச்சியில் நிற்பவை. சமையல் சோடாவும் இந்த வரிசையில் சேரும். 1 கிராம் சோடா 0.43 கிராம் அமிலத்தைத் தீர்க்கும்.

இதைச் சரிக்கட்டத்தான் சிட்ரிக், ஃபூமாரிக், ஃபார்மிக், பென்சோயிக் போன்ற கரிம அமிலங்களைத் தீவனத்தில் சேர்க்கிறார்கள். அவை பயனுள்ளவைதான். ஆனால் ஒரு கையால் போட்டதை மறுகையால் அழிப்பது அடிக்கடி நடக்கிறது. 1 கிலோ ஃபூமாரிக் அமிலத்தில் உள்ள அமிலம் முழுவதையும் தீர்த்துவிட 1 கிலோவுக்கும் குறைவான சுண்ணாம்புத்தூள் போதும். விலை கொடுத்து அமிலம் வாங்குவதற்கு முன் சுண்ணாம்பைக் குறைக்க முடியுமா என்று பார்ப்பதே சிக்கனமான வழி.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: பால் மறந்த குட்டிக்கு அமிலம் குறைவு, அமிலம் இல்லாவிட்டால் புரதம் செரிக்காது, கிருமியும் தடுக்கப்படாது, தீவனத்தில் அந்த அமிலத்தை அதிகமாகத் தின்பது சுண்ணாம்புத்தூள்.

கால்சியமும் பாஸ்பரஸும்

உடலில் உள்ள கால்சியத்தில் 96 முதல் 99 சதவீதமும் பாஸ்பரஸில் 60 முதல் 80 சதவீதமும் எலும்பில்தான் இருக்கின்றன. அதனால் இரண்டையும் எலும்புத் தாது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் மீதிப் பாஸ்பரஸ் செய்யும் வேலை சாதாரணமானதல்ல. ஒவ்வொரு செல்லிலும் ஆற்றலைக் கைமாற்றும் மூலக்கூறு, செல்லின் சவ்வு, மரபுப் பொருள் எல்லாவற்றிலும் அது உண்டு. தசை வளர்வதற்குப் பாஸ்பரஸ் வேண்டும். அதனால்தான் பாஸ்பரஸ் குறைந்த குட்டி கால் வளைவதற்கு முன்பே தீனியைக் குறைத்துக்கொள்ளும், எடை ஏறாது. அதைப் பார்த்துக் கால்சியத்தைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். குடலில் கூடுதல் கால்சியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து கரையாத பொருளாகிச் சாணத்தோடு போய்விடும். பாஸ்பரஸ் ஏற்கெனவே விளிம்பில் இருக்கும் தீவனத்தில் கால்சியத்தை ஏற்றினால் குட்டியின் வளர்ச்சி குறைவது சோதனைகளில் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்று.

பாஸ்பரஸில் இன்னொரு சிக்கல். தானியம், தவிடு, புண்ணாக்கு ஆகியவற்றில் உள்ள பாஸ்பரஸில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு பைட்டேட் என்ற பூட்டுக்குள் இருக்கிறது. விதை முளைக்கும்போது பயன்படச் செடி சேர்த்துவைத்த கையிருப்பு அது. அந்தப் பூட்டைத் திறக்கும் பைட்டேஸ் என்ற நொதி பன்றியின் குடலில் போதிய அளவு இல்லை. தவிட்டில் பாஸ்பரஸ் ஏராளம் என்று அட்டவணை சொன்னாலும் குட்டிக்குக் கிடைப்பது சொற்பம்தான். எனவே மொத்தப் பாஸ்பரஸ் என்று ஒரு எண், செரிக்கும் பாஸ்பரஸ் என்று இன்னொரு எண் எனத் தீவனக் கணக்கில் இரண்டு உண்டு. குட்டியின் வளர்ச்சியைத் தீர்மானிப்பது இரண்டாவது.

நுண்ணுயிர்களிலிருந்து எடுத்த பைட்டேஸை இப்போது தீவனத்திலேயே சேர்க்கிறார்கள். கிலோவுக்கு 500 அலகு என்பது வழக்கமான தொடக்க அளவு. இந்த நொதியும் இரைப்பையின் அமிலத்தில்தான் வேலை செய்யும். சுண்ணாம்பு மிகுந்தால் பி.எச். ஏறும், கால்சியம் நேராகப் பைட்டேட்டோடு ஒட்டிக்கொண்டு நொதி கடிக்க முடியாத கட்டியாக்கிவிடும். பைட்டேஸ் போட்டேன், பயனே இல்லை என்று சொல்பவர்களின் தீவனத்தில் முதலில் பார்க்க வேண்டியது கால்சியத்தைத்தான்.

அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 2012இல் வெளியிட்ட பரிந்துரை உலகெங்கும் பயன்படுகிறது. அதன்படி 5 முதல் 7 கிலோ எடையுள்ள குட்டிக்குத் தீவனத்தில் கால்சியம் 0.85 சதவீதம், மொத்தப் பாஸ்பரஸ் 0.70. எடை 7 முதல் 11 கிலோ என்றால் 0.80, 0.65. எடை 11 முதல் 25 கிலோ என்றால் 0.70, 0.60. மூன்றிலும் கால்சியம், பாஸ்பரஸை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் அதிகம் என்பதைக் கவனியுங்கள். இரண்டு மடங்கு கால்சியம் வேண்டும் என்ற நம்பிக்கை எலும்பின் அமைப்பைப் பார்த்து வந்தது. மொத்தப் பாஸ்பரஸோடு ஒப்பிட்டால் தீவனத்தில் 1 முதல் 1.25 வரை போதும்.

பிரித்த முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் பைட்டேஸ் சேர்த்து, கால்சியத்தை 0.6 சதவீதம் வரை இறக்கிவைப்பது தீவன வல்லுநர்கள் பலர் கையாளும் வழி. செரிக்கும் பாஸ்பரஸைக் குறைக்கக் கூடாது என்பது அதில் நிபந்தனை. அந்தக் குறுகிய காலத்தில் எலும்பு கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் பிறகு பரிந்துரைக்கப்பட்ட அளவுக்குத் தீவனம் திரும்பும்போது ஈடுகட்டிக்கொள்ளும். மாதக்கணக்கில் அப்படியே விட்டால் கால் வளையும், எலும்பு முறியும்.

100 கிலோ தீவனத்தில் ஒரு கணக்கு

11 முதல் 25 கிலோ எடையுள்ள குட்டிகளுக்கு மக்காச்சோளம் 65 கிலோ, சோயா புண்ணாக்கு 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மக்காச்சோளத்தில் கால்சியம் 0.02 சதவீதம், பாஸ்பரஸ் 0.26 சதவீதம். சோயாவில் முறையே 0.3, 0.7. இரண்டும் சேர்ந்து தரும் கால்சியம் சுமார் 103 கிராம், பாஸ்பரஸ் சுமார் 380 கிராம். நமக்கு வேண்டியது 700 கிராமும் 600 கிராமும்.

எப்போதும் பாஸ்பரஸிலிருந்து தொடங்க வேண்டும். குறைவது 220 கிராம். டைகால்சியம் பாஸ்பேட்டில் பாஸ்பரஸ் 18 சதவீதத்துக்குச் சற்று மேலே இருக்கும், 1.2 கிலோ போட்டால் அந்தக் குறை தீர்ந்தது. அதே 1.2 கிலோ தன்னோடு சுமார் 264 கிராம் கால்சியத்தையும் கொண்டுவருகிறது. இப்போது கால்சியம் 367 கிராம் ஆகிவிட்டது. இன்னும் 333 கிராம் வேண்டும். 38 சதவீதக் கால்சியம் உள்ள சுண்ணாம்புத்தூள் 880 கிராம் போட்டால் கணக்கு முடிந்தது. கால்சியத்தைச் சுண்ணாம்பில் நிரப்பிவிட்டு டைகால்சியம் பாஸ்பேட்டைப் பிறகு சேர்ப்பவர்களுக்குத் தவறாமல் கால்சியம் மிஞ்சும்.

இந்தக் கலவையின் மேல் ‘எலும்புக்கு நல்லது’ என்று இன்னொரு கிலோ சுண்ணாம்புத்தூள் விழுந்தால் கால்சியம் 1.08 சதவீதத்துக்கு ஏறும், விகிதம் 1.8 ஆகும். யாரும் வேண்டுமென்று போடாமலும் இது நடக்கும். வைட்டமினையும் நுண்தாதுக்களையும் முன்கூட்டியே கலந்து விற்கும் ப்ரீமிக்ஸ் பொடிகளில் எடையை நிரப்பச் சுண்ணாம்புத்தூளையே சேர்ப்பது சகஜம். கிலோவில் பாதி அதுவாக இருந்தால், 100 கிலோவுக்கு 1 கிலோ ப்ரீமிக்ஸ் போடும்போதே 190 கிராம் கால்சியம் கணக்கில் வராமல் உள்ளே போகிறது. சோயா புண்ணாக்கு கட்டியாகாமல் இருக்கச் சில ஆலைகள் அதில் சுண்ணாம்புத்தூள் தூவுவதும் உண்டு. காகிதத்தில் 0.70 என்று எழுதிய தீவனம் ஆய்வகத்தில் 0.95 காட்டுவது இப்படித்தான்.

மிகச் சிறிய குட்டிகளின் தீவனத்தில் டைகால்சியத்துக்குப் பதில் மோனோகால்சியம் பாஸ்பேட் போட்டால் ஒரே கல்லில் இரண்டு வேலை ஆகும். அதில் பாஸ்பரஸ் 22 சதவீதம் அளவுக்கு இருக்கிறது, நன்றாகச் செரிக்கிறது. அமிலத்தைப் பிடிப்பதும் குறைவு. விலை சற்று அதிகம்தான். ஆனால் பால் மறந்த முதல் இரண்டு வாரத்தில் ஒரு குட்டி தின்பது சில கிலோ மட்டுமே.

உப்பைக் கண்டு ஏன் பயம்?

உப்பு கழிச்சலை உண்டாக்கும் என்று குட்டித் தீவனத்தில் அதைக் கிள்ளிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். இது தலைகீழான சிக்கனம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பாதி, உப்பிலிருந்து வரும் குளோரைடு. குளோரைடு போதாவிட்டால் அமிலம் எங்கிருந்து சுரக்கும்? உப்பின் மறுபாதியான சோடியம் இல்லாமல் குளுகோஸும் பல அமினோ அமிலங்களும் குடல் சுவரைக் கடக்க முடியாது. சோடியத்தோடு கைகோத்துத்தான் அவை உள்ளே போகின்றன. கழிச்சலுக்குக் கொடுக்கும் உப்புசர்க்கரைக் கரைசல் வேலை செய்வதும் இதே வழியில்தான்.

குட்டி சிறியதாக இருக்கும்போதுதான் உப்பின் தேவை அதிகம். மேலே சொன்ன 2012 பரிந்துரையில் 5 முதல் 7 கிலோ குட்டிக்குச் சோடியம் 0.40 சதவீதம், குளோரைடு 0.50, எடை 11 முதல் 25 கிலோ ஆகும்போது 0.28, 0.32. சாதாரண உப்பில் சோடியம் 39 சதவீதம், குளோரைடு 61. நம் 100 கிலோ கலவைக்கு 650 கிராம் உப்பு போட்டால் தானியத்திலும் புண்ணாக்கிலும் உள்ள சிறிதளவோடு சேர்ந்து சோடியம் 0.28 சதவீதத்தைத் தொடும். மோர்த்தூள், மீன் தூள் சேர்க்கும் தீவனத்தில் அவற்றின் உப்பைக் கழித்துவிட வேண்டும்.

சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றின் மின்னேற்றக் கணக்கும் சீராக இருக்க வேண்டும். இதை மின்பகுளிச் சமநிலை என்பார்கள். தொடக்கநிலையில் ஒன்றை நினைவில் வைத்தால் போதும். லைசின் ஹைட்ரோகுளோரைடு போன்ற செயற்கை அமினோ அமிலத்தை அதிகம் சேர்த்து, பொட்டாசியம் மிகுந்த சோயாவைக் குறைத்தால் குளோரைடு மேலோங்கும். ரத்தம் அமிலத்தின் பக்கம் சாயும், தீனி குறையும்.

உப்பு நஞ்சாவதும் உண்மைதான். ஆனால் பெரும்பாலும் அது உப்பு கூடியதால் அல்ல, தண்ணீர் நின்றதால் நடக்கிறது. குழாய் முனை அடைத்து ஒரு நாள் தண்ணீர் கிடைக்காமல் போனால் சரியான உப்பு அளவே மூளையைத் தாக்கும். குட்டி சுவரில் முட்டும், பின்னோக்கி நடக்கும், வலிப்பு வரும். அப்போது பதறிப்போய்த் தண்ணீரைத் தாராளமாகத் திறந்துவிடக் கூடாது, மூளை வீங்கிவிடும். சிறிது சிறிதாக, இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும்.

இரும்பு

பிறக்கும்போது குட்டியின் உடலில் சுமார் 50 மில்லிகிராம் இரும்பு இருக்கும். வளரும் வேகத்துக்கு நாளொன்றுக்கு 7 முதல் 16 மில்லிகிராம் தேவை. தாய்ப்பால் தருவது ஏறத்தாழ 1 மில்லிகிராம். குறைந்தபட்சத் தேவையை எடுத்தாலும் நாளுக்கு 6 மில்லிகிராம் பற்றாக்குறை. சுமார் எட்டு நாளில் கையிருப்பு காலி. தாய்ப்பன்றிக்கு இரும்பு ஊட்டினால் பாலில் ஏறாது என்பதால் அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. மண்ணைக் கிளறித் திரியும் குட்டிக்கு மண்ணிலிருந்து கொஞ்சம் கிடைக்கும். சிமென்ட் தரையில் பிறந்ததற்கு அதுவும் இல்லை.

அதனால்தான் முதல் மூன்று நாளுக்குள் 200 மில்லிகிராம் இரும்பு டெக்ஸ்ட்ரான் ஊசியைக் காதுக்குப் பின்னால் கழுத்துத் தசையில் போடுகிறார்கள். போடாத குட்டி இரண்டு மூன்று வாரத்தில் வெளிறிப்போகும், மூச்சு வாங்கும், சுருண்டு கிடக்கும். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்கு மேல் இருந்தால் நலம். 9க்குக் கீழே ரத்தசோகை. கவனிக்க வேண்டியது இரண்டு. வைட்டமின் ஈ, செலினியம் குறைவான தாய்க்குப் பிறந்த குட்டி, ஊசியின் இரும்பைத் தாங்காமல் சில மணி நேரத்தில் இறந்துபோகலாம். அடுத்தது, வாய் வழியாக அளவுக்கு மீறி இரும்பு கொடுத்தால் உறிஞ்சப்படாத மீதி குடல் கிருமிகளுக்குத் தீனியாகும்.

துத்தநாகம், தாமிரம்: சத்தா, மருந்தா?

1955இல் டக்கர், சால்மன் என்ற இரு ஆய்வாளர்கள் பன்றிகளின் தோலில் பொருக்குத் தட்டும் ஒரு நோய்க்குத் துத்தநாகக் குறைவே காரணம் என்று காட்டினார்கள். பாராகெரடோசிஸ் என்பது அதன் பெயர். தீவனத்தில் கால்சியம் கூடக் கூட இந்த நோய் கடுமையாகும். பைட்டேட்டும் கால்சியமும் துத்தநாகமும் சேர்ந்து குடலில் கரையாத மூவர் கூட்டணி அமைத்துவிடுவதுதான் காரணம். அளவில் போதுமான துத்தநாகம் இருந்தும் கால்சியம் மிகுந்ததால் குறைபாடு வருவது, சமநிலை என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. வயிறு, தொடை, கணுக்காலில் இரு பக்கமும் ஒரே மாதிரி பொருக்கு வரும், பெரிதாக அரிப்பு இருக்காது. சொறி என்று நினைத்து மருந்து தெளித்துக்கொண்டிருந்தால் நாள்தான் போகும். சொறிப்பூச்சி என்றால் குட்டி ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும்.

சத்தாகத் தேவைப்படும் துத்தநாகம் கிலோவுக்கு 80 முதல் 100 மில்லிகிராம். கழிச்சலைத் தடுக்கத் துத்தநாக ஆக்ஸைடாகப் போட்டது 2,500 முதல் 3,000 மில்லிகிராம். சுமார் முப்பது மடங்கு! இது சத்து அல்ல, மருந்து. வேலை செய்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உறிஞ்சப்படாத பெரும்பகுதி சாணத்தோடு வயலுக்குப் போய் மண்ணில் சேர்ந்தது, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகவும் துணைபோனது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனோடு மருந்தளவிலான பயன்பாட்டை நிறுத்தியது. அங்கே குட்டித் தீவனத்தில் மொத்தத் துத்தநாகம் கிலோவுக்கு 150 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மருந்தளவு இன்னும் அனுமதிக்கப்படும் நாடுகளில் பயன்படுத்துவோரும் இரண்டு வாரத்தோடு நிறுத்துவது நல்லது. நீடித்தால் துத்தநாகம் தாமிரத்தைத் தள்ளிவிடும். தாமிரம் குறைந்தால் இரும்பு இருந்தும் ரத்தசோகை வரும். துத்தநாக ஆக்ஸைடும் அமிலத்தைத் தின்னும், பைட்டேட்டை இறுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தாமிரத்தின் கதையும் இதுதான். தேவை 5 முதல் 6 மில்லிகிராம். வளர்ச்சியைத் தூண்டப் போடுவது 125 முதல் 250. ஐரோப்பாவில் பால் மறந்த நான்கு வாரம் வரை 150, அடுத்த நான்கு வாரம் 100 என்று உச்சவரம்பு. தாமிரம் மிகுந்த தீவனத்தால் சாணம் கறுக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: அந்தத் தீவனத்தை ஆடு தின்றுவிடக் கூடாது. செம்மறிக்குத் தாமிரம் கல்லீரலில் சேர்ந்து கொல்லும் நஞ்சு.

இந்தப் பகுதிகளைத் தொகுத்தால்: கால்சியம் பாஸ்பரஸையும் துத்தநாகத்தையும் மறிக்கும், துத்தநாகம் தாமிரத்தை மறிக்கும், தாமிரம் இல்லாமல் இரும்பு பயன்படாது. ஒன்றைக் கூட்டும் முன் அது எதைத் தள்ளும் என்று பார்க்க வேண்டும்.

கலக்கும்போது

செலினியத்தின் தேவை கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். 100 கிலோ தீவனத்துக்கு 30 மில்லிகிராம். விரல் நுனியில் ஒட்டும் அளவுகூட இல்லை. கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போனால் நஞ்சு: குளம்பு கழலும், பின்னங்கால் செயலிழக்கும். இவ்வளவு குறுகிய இடைவெளி உள்ள பொருளைப் பண்ணையில் தனியாக நிறுத்துப் போடவே கூடாது. ப்ரீமிக்ஸாகத்தான் வாங்க வேண்டும்.

அந்த ப்ரீமிக்ஸையும் நேராகக் கலவை இயந்திரத்தில் கொட்டினால் ஒரு குட்டிக்கு இரட்டைப் பங்கும் இன்னொன்றுக்கு ஒன்றுமில்லாமலும் போகும். 1 கிலோ ப்ரீமிக்ஸை முதலில் 2 கிலோ அரைத்த மக்காச்சோளத்தோடும், பிறகு அதை இன்னும் 7 கிலோவோடும் கலக்கி, அந்த 10 கிலோவை மொத்தத்தில் சேருங்கள். கட்டி தட்டிய உப்பை உடைத்துச் சலித்துப் போடுங்கள். பாதி மக்காச்சோளத்தை இயந்திரத்தில் விட்ட பிறகு தாதுக்களைப் போட்டு, மீதியை மேலே கொட்டினால் மூலையில் தங்காது. எண்ணெயைக் கடைசியில் ஊற்றுங்கள். முதலில் ஊற்றினால் தூள் உருண்டையாகும். குச்சித் தீவனமாக அழுத்துவதாக இருந்தால் 80 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைத் தாண்டும்போது பூச்சு இல்லாத பைட்டேஸ் செயலிழக்கத் தொடங்கும். வைட்டமினும் தாமிர சல்பேட்டும் கோலின் குளோரைடும் ஒரே பையில் மாதக்கணக்கில் கிடந்தால் வைட்டமின் வீணாகும். இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள்.

கழிச்சல் விடாமல் தொடர்ந்தால் தண்ணீரையும் சோதிக்க வேண்டும். லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் சல்பேட் உள்ள தண்ணீர் தானே சாணத்தை இளக்கும். தீவனத்தை எவ்வளவு மாற்றினாலும் அது நிற்காது. தீவனத்தை ஆய்வகத்துக்கு அனுப்பும்போது ஒரே பையின் மேற்பரப்பிலிருந்து அள்ளாமல் ஏழெட்டுப் பைகளின் நடுவிலிருந்து எடுத்துக் கலந்து அரைக் கிலோ அனுப்புங்கள். கால்சியம், பாஸ்பரஸ், சோடியம் மூன்றையும் கேளுங்கள். கால்சியம் கணக்கை விடக் கூடுதலாக வந்தால் முதலில் ப்ரீமிக்ஸ் விற்றவரிடம் அதில் நிரப்புப் பொருள் என்ன, எத்தனை சதவீதம் என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு சோயா புண்ணாக்கை மட்டும் தனியாக ஒரு சோதனைக்கு அனுப்புங்கள். அந்த இரண்டு எண்ணும் கையில் வந்த பின் உங்கள் கலவையில் போடும் சுண்ணாம்புத்தூளிலிருந்து அவ்வளவையும் கழித்துவிடலாம்.